சீட்டாட்டத்தில் விதிச் சண்டை வந்தால் எப்படித் தீர்ப்பது: ரம்மி முதல் முன்னூற்று நாலு வரை முழுமையான வழிகாட்டி

2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. அதற்கப்புறம் எங்கள் தெருவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்துபோன துக்கம் ஒரு பக்கம் இருக்க, பொழுது சாய்ந்தால் செய்ய ஒன்றும் இல்லாமல் திண்ணையில் ஜமுக்காளம் விரித்து, இரண்டு கட்டுச் சீட்டை எடுத்து, ஆளுக்கு 13 சீட்டு போட்டு, ஆறு பேர் ரம்மிக்கு உட்காருவோம். கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுன்) வளர்ந்த மாமா, நெய்வேலி டவுன்ஷிப்பில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த எதிர்வீட்டு அண்ணன், புயலுக்கு முந்தின நாள் பாண்டிச்சேரியிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட என் மைத்துனர், அப்புறம் நாங்கள் மூன்று பேர்.

மூன்றாம் நாளே சண்டை. மைத்துனர் டிக் அடித்து, அதாவது தன் கை முடிந்தது என்று அறிவித்து, சீட்டை விரித்தார், அதில் ஒரு வரிசை ஸ்பேடில் ராஜா, ஆஸ், ரெண்டு. "இது எந்த ஊர் வரிசை மாப்பிள்ளை?" என்று மாமா கேட்க, "எங்க வீட்ல ஆஸ் சுத்தி வரும் மாமா, சின்ன வயசுலேருந்து அப்படித்தான்" என்று அவர் சொல்ல, லாந்தரில் எண்ணெய் தீரும்வரை பேச்சு ஓயவில்லை. அன்றைக்கு யாருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பிடிபட்ட முதல் விஷயம். மாமா வீட்டில் ஆஸ் சுற்றாது, மைத்துனர் வீட்டில் சுற்றும், நெய்வேலியில் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆடியதால் அங்கே வேறு மாதிரி. சீட்டாட்டத்தில் வருகிற சண்டைகளில் திருட்டு ரொம்பக் குறைவு. ஒவ்வொருவரும் தன் வீட்டு விதியையே உலக விதி என்று நினைத்துக்கொண்டு வந்து உட்காருவதுதான் அதிகம். அன்றிலிருந்து கல்யாண மண்டபம், துக்க வீட்டு ராத்திரி, தேவனாம்பட்டினத்தில் நண்பர் வீட்டு மொட்டை மாடி என்று எங்கே ஆடினாலும் நான் ஒரே முறையைத்தான் கடைப்பிடிக்கிறேன். அதை அப்படியே எழுதுகிறேன். நாங்கள் பணம் வைத்து ஆடுவதில்லை, இதில் சொல்வதெல்லாம் அப்படிப்பட்ட ஆட்டத்துக்குத்தான்.

முதல் படி: சீட்டு போடுவதற்கு முன் எட்டுக் கேள்வி

இந்தப் படியை ஒழுங்காகச் செய்தால் பாதிச் சண்டை வரவே வராது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கணக்கு எழுதுகிற நோட்டின் முதல் பக்கத்தில் எட்டுக் கேள்விக்குப் பதில் எழுதிவிட வேண்டும். வாயால் பேசி வைத்தால் போதாது, இரவு ஒரு மணிக்கு அவரவருக்குத் தோதானது மட்டும்தான் ஞாபகம் வரும்.

ஆஸ் எங்கே நிற்கும் என்பது முதல் கேள்வி. ஆஸ்-ரெண்டு-மூணு எல்லா இடத்திலும் செல்லும், ராணி-ராஜா-ஆஸ் செல்லும். ராஜா-ஆஸ்-ரெண்டு பெரும்பாலான இடங்களில் செல்லாது, செல்லும் என்று ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது, கட் ஜோக்கராக, அதாவது அந்த ஆட்டத்துக்கு எந்த எண் ஜோக்கர் என்று காட்டும் சீட்டாகப் புரட்டும்போது, ஜோக்கர் படம் போட்ட பேப்பர் ஜோக்கரே வந்துவிட்டால் என்ன செய்வது? பல இடங்களில் அப்போது நாலு இன ஆஸும் ஜோக்கர் ஆகிவிடும், சில வீடுகளில் பேப்பர் ஜோக்கர் மட்டும்தான். மூன்றாவது கேள்வி செட் பற்றி. இரண்டு கட்டு வைத்து ஆடுவதால் ஆர்ட்டின் ஏழே இரண்டு முறை வந்து கையில் நிற்கும். அந்த இரண்டையும் ஒரே செட்டில் சேர்க்கக் கூடாது, செட் என்றால் எண் ஒன்றாகவும் ஒவ்வொரு சீட்டும் வேறு இனமாகவும் இருக்க வேண்டும். புதிதாக ஆட வருகிறவர்கள் இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள், ஆகவே ஒரு செட்டை விரித்துக் காட்டியே சொல்லிவிடுங்கள்.

நாலாவது, ஸ்கூட் விட்டால், அதாவது ஆட்டத்தைக் கைவிட்டால், ஏறுகிற புள்ளி எத்தனை? சீட்டு எடுக்கும் முன் விட்டால் 20, நடுவில் விட்டால் 40, ஃபுல், அதாவது முழுத் தோல்வி என்றால் 80 என்பது வழக்கம். 201 புள்ளி எட்டினால் வெளியேறுகிற ஆட்டத்தில் 25, 50 என்று வைப்பார்கள். ஐந்தாவது, தவறாக டிக் அடித்தால் அவருக்கு 80 எழுதிவிட்டு மற்றவர்கள் தொடர்ந்து ஆடுவதா, அந்த ஆட்டமே அத்தோடு முடிந்ததா? இதைப் பேசாமல் விட்டுவிட்டு நான் பார்த்த சண்டைகள் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆறாவது, கீழே போட்ட ஜோக்கரை அடுத்தவர் எடுக்கலாமா? எடுக்கக் கூடாது என்பதுதான் பொது வழக்கம். ஆட்டம் தொடங்கும்போது முதல் ஓபன் சீட்டே ஜோக்கராக வந்தால் மட்டும் முதல் ஆள் எடுத்துக்கொள்ளலாம்.

ஏழாவது கேள்விக்கு ஒரு பின்கதை உண்டு. கீழே விழுந்த பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்க்கலாமா? 1967-ல் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை சார்ந்த ஆட்டம் என்று சொன்னபோது காட்டிய காரணமே, விழுகிற சீட்டுகளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, எதை வைத்திருப்பது எதைப் போடுவது என்பதில் திறமை வேண்டும் என்பதுதான். மூன்று சீட்டு ஆட்டம் அப்படியில்லை, அது முழுக்க அதிர்ஷ்டம் என்றும் சொன்னது. ஆக, விழுந்த சீட்டை எப்போது வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம் என்று விட்டால் ரம்மியின் உயிரே போய்விடும் என்பது என் கருத்து. எங்கள் வீட்டில் மேலே இருக்கிற ஒரு சீட்டு மட்டும்தான் தெரியும், மற்றதைத் தொடக் கூடாது. எட்டாவது, மூடின கட்டு தீர்ந்தால் என்ன? மேல் சீட்டை வைத்துவிட்டு மற்றதைக் கலைத்து மறுபடி கவிழ்க்க வேண்டும். சரி, இவ்வளவுதான். எழுதி முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகாது.

இரண்டாவது படி: நாட்டாமை யார்?

வீட்டுக்காரர் வேண்டாம். விருந்தாளி அவரை மறுத்துப் பேசக் கூச்சப்படுவார். கணக்கு எழுதுகிறவரும் வேண்டாம், நோட்டும் தீர்ப்பும் ஒரே கையில் இருந்தால் எண்கள் நேர்மையாக இருந்தாலும் சந்தேகம் வரும். ஆடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர் இருந்தால் அவரே போதும், அப்படி யாரும் இல்லையென்றால் அந்த ஆட்டத்தில் ஸ்கூட் விட்டவர் தீர்ப்பு சொல்லட்டும், அந்தக் கையில் அவருக்கு இழக்க ஒன்றுமில்லை. யாருமே ஸ்கூட் விடாத ஆட்டமென்றால் சீட்டு போட்டவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர். இதையும் நோட்டில் எழுதுங்கள். பெரியவர் என்பதற்காக ஒருவரை நாட்டாமையாக வைத்தால் அவர் தவறாகச் சொல்லும்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள், வீட்டுக்குப் போகும் வழியில்தான் பேசுவார்கள்.

மூன்றாவது படி: நிறுத்து, கவிழ், பேசாதே

சண்டை தொடங்கிய நொடியில் செய்ய வேண்டியது ஒன்றுதான். எல்லோரும் கையில் இருக்கிற சீட்டைத் தன் முன்னால் கவிழ்த்து வைக்க வேண்டும். கட்டையும் கீழே போட்ட சீட்டையும் யாரும் தொடக் கூடாது. கோபத்தில் சீட்டை நடுவில் வீசிக் கலந்துவிடுகிற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கிறது. கலந்த சீட்டு கலந்ததுதான், அப்புறம் என்ன நடந்தது என்று ஆண்டவனாலும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் கலைத்துவிட்டவருக்கே ஃபுல் என்று ஒரு வரி எழுதி வைத்தோம், அதற்கப்புறம் வீசுவது நின்றது.

இன்னொன்று, வழக்கு நடக்கும்போது தன் கையில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லக் கூடாது. "எனக்கு ஒரே சீட்டுதான் பாக்கி இருந்துச்சு, இப்படி ஆயிடுச்சே" என்று புலம்பினால் எதிரில் இருப்பவருக்கு எந்தச் சீட்டைப் பிடித்து வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும், ஆட்டத்தைத் தொடர முடியாமல் போகும்.

நாலாவது படி: என்ன நடந்தது என்பது முதலில், விதி அப்புறம்

இந்த வழிகாட்டியில் எனக்கு ரொம்ப முக்கியம் இந்தப் படிதான். சண்டை போடுகிற இரண்டு பேரும் விதியைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு நடந்ததைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் "சீட்டு எடுத்தப்புறம் ஸ்கூட் விட்டா நாப்பதுதான்" என்பார், மற்றவர் "இருபதுதான்" என்பார். இரண்டு பேருக்கும் விதி ஒன்றேதான் தெரியும். அவர் சீட்டை எடுத்தாரா, தொட மட்டும் செய்தாரா என்பதில்தான் வேறுபாடு.

அதனால் நாட்டாமை கேட்க வேண்டிய முதல் கேள்வி, "நீங்க என்ன பார்த்தீங்க?" முதலில் தவறு செய்ததாகச் சொல்லப்படுகிறவரைக் கேளுங்கள், அப்புறம் குற்றம் சொன்னவரை, அப்புறம் அவர்களுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் உட்கார்ந்தவர்களை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே வரக் கூடாது. சீட்டே சாட்சி சொல்கிற இடங்கள் நிறைய உண்டு. ஒவ்வொருவர் கையையும் கவிழ்த்தபடியே எண்ணினால் யாரிடம் 13, யாரிடம் 14 என்று தெரியும், கீழே போட்ட சீட்டுகள் வரிசையாக இருந்தால் யார் முறை என்பதும் தெரியும். எல்லாம் பார்த்தும் நடந்தது என்ன என்று உறுதியாகவில்லையென்றால், குற்றம் சாட்டப்பட்டவர் சொல்வதை ஏற்றுக்கொண்டு ஆட்டத்தைத் தொடருங்கள். நிரூபிக்க முடியாத ஒன்றுக்கு ஒரு மனுஷனுக்கு 80 எழுதுவது சரியில்லை.

நடந்தது என்ன என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு விதிக்கு வாருங்கள். முதலில் நோட்டு. நோட்டில் இல்லையென்றால் அதே இரவில் முன்பு இதே மாதிரி வந்தபோது என்ன செய்தோம் என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அங்கே இருப்பவர்களில் அதிகம் பேர் ஆடிப் பழகிய வழக்கம். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் நாணயம் சுண்டுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. எப்படி முடிவானாலும் அதை நோட்டில் ஒரு வரியாக எழுத வேண்டும்.

புதிதாக எடுத்த விதியால் ஏற்கெனவே கையில் சீட்டு வைத்திருப்பவர் தண்டிக்கப்படக் கூடாது. தானே புயல் நாட்களில் நாங்கள் கடைசியில் அப்படித்தான் முடித்தோம். மைத்துனர் நல்லெண்ணத்தில் அடித்த டிக் என்பதால் அவருக்கு 80 எழுதவில்லை, அந்த ஆட்டத்தை மட்டும் ரத்து செய்தோம், அடுத்த ஆட்டத்திலிருந்து ஆஸ் சுற்றாது.

ஐந்தாவது படி: பரிகாரம் எவ்வளவு?

பிரிட்ஜ் ஆட்டத்துக்கு உலக அளவில் எழுதப்பட்ட விதிப் புத்தகம் உண்டு. அதன் அடிப்படை எண்ணம் எனக்குப் பிடிக்கும்: விதிகள் இருப்பது தவறு செய்தவரைத் தண்டிப்பதற்காக என்பதைவிட, பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கட்டுவதற்காக. இதை மனதில் வைத்தால் பாதித் தீர்ப்பு தானாக வந்துவிடும். தவறால் யாருக்கும் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லையென்றால் திருத்திவிட்டுப் போங்கள். லாபம் வந்திருந்தால் அந்த லாபத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். எவ்வளவு லாபம் என்று சொல்லவே முடியாத அளவு ஆட்டம் குழம்பியிருந்தால்தான் அந்தக் கையைச் செல்லாததாக்க வேண்டும்.

கடலூரில் அடிக்கடி வருகிற ஒன்றைச் சொல்கிறேன். உப்புக் காற்றில் காகிதச் சீட்டு நமத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது மேல் சீட்டின் முதுகில் இன்னொன்று ஒட்டிக்கொண்டு வந்துவிடும், இடையில் யாராவது பஜ்ஜி சாப்பிட்ட கையோடு தொட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டாவது சீட்டை அவர் பார்க்கவில்லையென்றால் அப்படியே திருப்பி மேலே வைக்கலாம். பார்த்துவிட்டார் என்றால் எல்லோருக்கும் காட்டிவிட்டுக் கட்டின் அடியில் செருகிவிடுங்கள், அப்போது அவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்ததாகிவிடும். கையில் சேர்த்து, ஒரு சீட்டைக் கீழேயும் போட்டு, அடுத்தவரும் ஆடிய பிறகு 14 இருப்பது தெரிந்தால், அந்தக் கை செல்லாது, மிடில் ஸ்கூட் கணக்கில் 40 எழுதுங்கள். பிளாஸ்டிக் சீட்டு வாங்குங்கள், இல்லையென்றால் கேரம் போர்டுக்குப் போடுகிற பவுடரைத் துளி தூவித் துடைத்து வையுங்கள், இந்த வழக்கே வராது.

12 சீட்டு வந்தவருக்குப் பரிகாரம் எளிது. சீட்டு போட்டவர் தவறு அது, எனவே கட்டிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளட்டும். யாரும் முதல் சீட்டு எடுப்பதற்குள் தெரிந்தால் மொத்தமாகக் கலைத்து மறுபடி போடுங்கள். சீட்டைப் புரட்டிப் பார்க்கும் முன் கவிழ்த்தபடியே எண்ணுகிற பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு முதல் நாளிலேயே சொல்லிக்கொடுங்கள்.

முன்னூற்று நாலு, இருபத்தெட்டு: இங்கே வழக்கு வேறு

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது கரையோரக் குப்பங்களில் வலைக்கூடத்து நிழலில் சீட்டு களைகட்டும். முன்னூற்று நாலு, இருபத்தெட்டு போல ஜோடி சேர்ந்து ஆடுகிற ஆட்டங்களில் ஒருவர் தவறு அவருடைய ஜோடியையும் பாதிப்பதால் கோபமும் இரட்டிப்பாக வரும்.

இங்கே பெரிய வழக்கு, இறங்கிய இனம் கையில் இருந்தும் வேறு போட்டுவிடுவது. கிளாவர் இறங்கியிருக்கிறது, கிளாவர் இல்லை என்று துருப்பால், அதாவது மற்ற இனங்களை வெல்கிற இனத்தால் வெட்டுகிறார், மூன்று பிடி (ஒரு சுற்றில் விழுகிற சீட்டுகள் ஒரு பிடி) தள்ளி அவர் கையிலிருந்தே கிளாவர் எட்டு வெளியே வருகிறது. பெரும்பாலும் அது கவனக்குறைவுதான், மங்கின வெளிச்சத்தில் கிளாவரும் ஸ்பேடும் ஒன்றுபோலத் தெரியும். இதற்கும் பிரிட்ஜ் விதி நல்ல கோடு போடுகிறது. தவறு செய்தவரோ அவர் ஜோடியோ அடுத்த பிடிக்குச் சீட்டு இறக்குவதற்குள் தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். இறக்கிவிட்டால் தவறு நிலைத்துவிட்டது, பரிகாரமாகப் பிடி கைமாறும். நாங்கள் இருபத்தெட்டில் இதையே கொஞ்சம் மாற்றி, நிலைத்த தவறு என்றால் அந்தப் பிடியின் புள்ளிகள் எதிர் ஜோடிக்கு என்று வைத்திருக்கிறோம். ஆட்டமே போச்சு என்று வைக்கிற ஊர்களும் உண்டு. எனக்கு அது கடுமையாகத் தோன்றுகிறது, ஆனால் முன்கூட்டியே பேசியிருந்தால் அதுவும் நியாயம்தான்.

கவிழ்த்து வைத்த துருப்பைத் திறக்கச் சொல்வதில் இன்னொரு வழக்கு வரும். துருப்பைக் கேட்டவர் கையில் துருப்பு இருந்தால் அந்தப் பிடியில் அதைப் போட்டே ஆக வேண்டுமா? பெரும்பாலும் ஆமாம் என்று ஆடுவார்கள், ஆனால் உறுதியாக எழுதி வையுங்கள். ஜோடிக்குக் கண் காட்டுவது, சீட்டை ஓங்கிப் போட்டுச் சாடை சொல்வது, இதையெல்லாம் ஒருமுறை எச்சரித்து, இரண்டாம் முறை அந்தப் பிடியின் புள்ளியை எடுத்துவிடுங்கள்.

பாண்டிச்சேரியில் நான் பார்த்த அழகான சண்டை ஒன்று. பிரான்சில் பல வருஷம் இருந்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்த சித்தப்பா ஒருவர் எங்களோடு முன்னூற்று நாலு ஆட உட்கார்ந்தார். அதில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஆக ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. அவர் அங்கே ஆடிப் பழகியது பெலோத். அதிலும் 32 சீட்டுதான், அதிலும் ஜாக்கியும் ஒன்பதும் பெரியது, ஆனால் துருப்பு இனத்தில் மட்டும். மற்ற இனங்களில் ஆஸ்தான் தலை, ஜாக்கி ராணிக்கும் கீழே. அதோடு, இறங்கிய இனம் இல்லாமல் ஜோடியும் பிடியைப் பிடித்திருக்காவிட்டால் துருப்பு வெட்டியே ஆக வேண்டும் என்பது பெலோத் விதி. அவர் டைமன் ஆஸைப் போட்டுப் பிடியை இழுக்க, எங்கள் தம்பி ஜாக்கியை வைத்து அதை அள்ள, சித்தப்பா முகம் சிவந்துவிட்டது. "என்னடா, ஆஸை ஜாக்கி வெட்டுமா?" இரண்டு ஆட்டத்தின் வரிசையையும் காகிதத்தில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டினோம், ரெண்டு நிமிஷத்தில் சிரித்துவிட்டார். ஒருவர் பிடிவாதமாக நின்றால் அவர் எந்த ஆட்டத்திலிருந்து வருகிறார் என்று முதலில் கேளுங்கள்.

ஃபோனை எடுத்துத் தேடலாமா?

நடுவில் வேண்டாம். ஒருவர் ஒரு பக்கத்தைக் காட்டுவார், மற்றவர் அதற்கு எதிரான இன்னொன்றைக் காட்டுவார். ஆப்பில் ரம்மி கற்றுக்கொண்ட பிள்ளைகள் இப்போது நிறைய. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பிறகு, அவர்களில் சிலர் எங்கள் ஜமுக்காளத்துக்கு வந்திருக்கிறார்கள். கை வேகம், கணக்கு எல்லாம் அபாரம். ஆனால் ஆப்பில் இரண்டு சீட்டு சேர்த்து எடுக்க முடியாது, முறை தவறி ஆட முடியாது, சீட்டு எண்ணிக்கை தப்பாது, அதனால் 14 சீட்டு வழக்கையெல்லாம் அவர்கள் பார்த்ததே கிடையாது. அவர்களுக்கு ஆப்பின் விதிதான் விதி. ஒரு கம்பெனி தன் ஆட்டத்துக்கு வைத்த விதி அது, மாமா வீட்டு விதி மாதிரி அதுவும் ஒரு வீட்டு விதி என்று பொறுமையாகச் சொல்லுங்கள். நோட்டின் எட்டுக் கேள்வியை அவர்கள் கையாலேயே எழுத வைத்தால் இன்னும் நல்லது.

பெரியவர் தவறு செய்தால்

ஆட்டத்தை நிறுத்தி எல்லோர் முன்னாலும் "தப்பு மாமா" என்று சொல்வது நம்மால் முடியாது, சொல்லவும் வேண்டாம். நாட்டாமையிடம் "எனக்கு ஒரு சந்தேகம், கையை எண்ணிப் பார்க்கலாமா" என்று கேளுங்கள். எண்ணுவது எல்லோரையும், அவரை மட்டும் இல்லை. அவரே கண்டுபிடித்துச் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைக்கும், தொண்ணூறு வயசுக்காரர்கூட அப்போது சிரித்துக்கொண்டே சீட்டைக் கீழே வைப்பார். மரியாதைக்காகப் புள்ளியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு விதி ஆளுக்கு ஆள் மாறும் என்று தோன்றிவிடும்.

மறுநாள் காலையில் தீர்ப்பு தவறு என்று தெரிய வந்தால் பழைய கணக்கைத் திறக்காதீர்கள், முடிந்தது முடிந்ததுதான். நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டுக் கீழே புதிய வரியைத் தேதியோடு எழுதுங்கள். எங்கள் நோட்டு இப்போது மூன்றாவது, முதல் பக்கத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் பார்த்து எழுதிக்கொள்கிறோம். அதில் முதல் வரி தானே புயல் நாட்களில் லாந்தர் வெளிச்சத்தில் மாமா எழுதியது: "ராஜா, ஆஸ், ரெண்டு இங்கே கிடையாது. மாப்பிள்ளை வீட்டில் ஆடினால் உண்டு." பாண்டிச்சேரிக்குப் போகும்போதெல்லாம் மாமா அங்கே ஆஸைச் சுற்றவிட்டுத்தான் ஆடுகிறார்.